நிலத்தடிச் சூடு மின்சாரமான கதை

1904-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் தேதி. இத்தாலியின் டஸ்கனி மலைப்பகுதியில் லார்டெரெல்லோ என்ற சிற்றூர். பியரோ ஜினோரி கோந்தி என்ற தொழிலதிபர் அங்கே நாலைந்து மின்விளக்குகளை எரியவைத்தார். அதற்காக எங்கும் நிலக்கரி எரியவில்லை, எந்த ஆற்றையும் மறிக்கவில்லை. நிலத்தின் பிளவுகளிலிருந்து சீறிவந்த நீராவி ஒரு சிறிய என்ஜினை ஓட்டியது. அந்த என்ஜின் டைனமோவைச் சுழற்றியது. பூமியின் உள்வெப்பத்திலிருந்து மனிதன் எடுத்த முதல் மின்சாரம் அதுதான். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1913-இல், அதே ஊரில் 250 கிலோவாட் மின்நிலையம் ஓடத் தொடங்கியது.

ஆனால் கதை விளக்கில் தொடங்கவில்லை, விறகில் தொடங்கியது. லார்டெரெல்லோவின் கொதிக்கும் சேற்றுக் குட்டைகளில் போரிக் அமிலம் கலந்திருந்தது. பிரான்சிலிருந்து வந்த பிரான்சுவா ஜாக் தெ லார்டெரெல் 1818-இல் அதைப் பிரித்தெடுக்கும் தொழிலைத் தொடங்கினார். குட்டை நீரைக் காய்ச்சி வற்றவைக்க வேண்டும். அதற்கு விறகு வேண்டும். சுற்றியிருந்த காடு அடுப்புக்குள் போய்க்கொண்டிருந்தது. 1827 வாக்கில்தான் அவருக்கு வழி பிடிபட்டது. குட்டைமேல் மூடி கட்டி, அதிலிருந்து எழும் ஆவியையே அடுப்பாக்கினார். காடும் தப்பியது, விறகுச் செலவும் மிச்சமானது. பொருளாதார லாபமும் சுற்றுச்சூழல் லாபமும் இங்கே ஒரே மூடிக்கு அடியில் கிடைத்தன. புவிவெப்பத்தின் வரலாற்றில் இவ்வளவு சுத்தமாகக் கணக்கு நேரானது அபூர்வம். காரணம் எளிது: ஆவி தானாகவே மேலே வந்துகொண்டிருந்தது.

மற்ற ஊர்களில் அப்படி இல்லை. துளைபோட்டுத்தான் தேட வேண்டும். ஒரு புவிவெப்ப மின்நிலையத்தின் செலவில் பெரும்பங்கு, சில இடங்களில் பாதியளவு, துளையிடுவதற்கே போய்விடும். அதுவும் முதல் யூனிட் மின்சாரம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே. எங்கள் தர்மபுரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீரோட்டம் பார்த்து, திருச்செங்கோட்டு ரிக் வண்டியை வரவழைத்து, அடிக்கு இவ்வளவு என்று பேசி, ஆயிரம் அடி தாண்டியும் ஈரமில்லாமல் வெறும் புகை பறப்பதைப் பார்த்து நின்ற குடும்பங்கள் பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும் எத்தனையோ. போட்ட பணம் துளைக்குள். கடன் மட்டும் மேலே. புவிவெப்ப முதலீட்டாளரின் இடரும் இதேதான், அடிக்குப் பதில் கிலோமீட்டர் என்பதைத் தவிர.

கென்யாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒல்கரியாவில் 1956-இல் துளையிடத் தொடங்கினார்கள். முதல் மின்சாரம் வந்தது 1981-இல். இருபத்தைந்து ஆண்டுகள்! காத்திருந்ததற்குப் பலன் இருந்தது. இன்று அந்த நாட்டின் மின்சாரத்தில் பாதிக்கு நெருக்கமான பங்கு நிலத்தடிச் சூட்டிலிருந்து வருகிறது. மழை பொய்த்து அணைகள் வற்றும் ஆண்டிலும் அது நிற்பதில்லை. எரிபொருள் வாங்க வேண்டாம், இரவென்றும் பகலென்றும் பார்க்காது. ஐ.நா.வின் காலநிலைக் குழு 2014-இல் வெளியிட்ட ஒப்பீட்டில், கட்டுமானம் முதல் கடைசிவரை எல்லாவற்றையும் சேர்த்து, ஒரு யூனிட் புவிவெப்ப மின்சாரத்துக்கு 38 கிராம் கரியமிலவாயு என்று நடுமதிப்பு கொடுத்தார்கள். நிலக்கரிக்கு 820 கிராம். இந்த வேறுபாட்டை யாரும் அலட்சியப்படுத்த முடியாது.

ஆனாலும் அந்த 38-க்குள் அடங்காத செலவுகள் உண்டு. நியூசிலாந்தின் வைராகேயில் 1958-இல் மின்நிலையம் தொடங்கியது. பல ஆண்டுகள் வெந்நீரை எடுத்தார்களே தவிர, திருப்பிச் செலுத்தவில்லை. ஓரிடத்தில் நிலம் பதினைந்து மீட்டர்வரை தாழ்ந்தது. அருகிலிருந்த வெந்நீர் ஊற்றுப் பள்ளத்தாக்கு அடங்கிப்போனது. கலிபோர்னியாவின் 'கெய்சர்ஸ்' களத்தில் 1960-இல் 11 மெகாவாட்டில் தொடங்கி வேகவேகமாகப் பெருக்கினார்கள். 1980-களின் இறுதியில் ஆவியின் அழுத்தம் விழுந்தது. பிறகு 1997 முதல், அக்கம்பக்கத்து ஊர்களின் சுத்திகரித்த கழிவுநீரைக் குழாயில் கொண்டுவந்து பூமிக்குள் செலுத்தித்தான் களத்தைத் தாங்கிப்பிடித்தார்கள். ஒல்கரியாவிலும் மின்நிலையத்துக்காக மசாய் மக்கள் இடம்பெயர்க்கப்பட்டார்கள், அவர்களுடைய புகார் உலக வங்கிவரை போனது. பூமியின் சூடு எளிதில் தீராது, களத்தின் நீர் அப்படியல்ல. எடுத்த நீரைத் திருப்பிக் கொடுக்கும் செலவை முதல் நாளே கணக்கில் எழுதாத எந்தத் திட்ட அறிக்கையையும் நான் நம்பமாட்டேன்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். தர்மபுரியில் இதைச் செய்யலாமா?

விடை நமக்குப் பக்கத்திலேயே, நம்மவர்களின் உழைப்பில் எழுதப்பட்டிருக்கிறது. லார்டெரெல்லோவில் விளக்கு எரிவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1902 ஜூனில், சிவசமுத்திரத்துக் காவிரி நீரில் பிறந்த மின்சாரம் கம்பிவழியே கோலார் தங்கவயலுக்குப் போனது. ஏறத்தாழ 147 கிலோமீட்டர். அந்தத் தங்கவயலில் வடஆற்காட்டிலிருந்தும் பழைய சேலம் மாவட்டத்திலிருந்தும் போன தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்தன. தர்மபுரி அப்போது சேலத்துக்குள்தான் இருந்தது. அங்கிருந்த சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3.2 கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு சுமார் 65 டிகிரி. குளிர்வித்த காற்றை உள்ளே அனுப்பித்தான் ஆட்களை வேலை செய்யவைத்தார்கள். தொழிலாளிக்கு அது நரகம். மின்நிலையத்துக்கோ அது போதவே போதாது.

கோலாரும் தர்மபுரியும் மிகப் பழைய கடினப்பாறைப் பரப்பு. இருநூற்றைம்பது கோடி ஆண்டுகளுக்கு மேலாக ஆறிப்போன நிலம். மூன்று கிலோமீட்டர் இறங்கியும் தண்ணீர் கொதிநிலைக்குப் பக்கத்தில்கூட வராது. அலாஸ்காவின் செனாவில் 74 டிகிரி நீரைக்கொண்டு 2006 முதல் மின்சாரம் எடுக்கிறார்களே என்று கேட்கலாம். அங்கே குளிரவைக்கக் கிடைக்கும் நீர் உறைநிலைக்குச் சற்று மேலே. வெப்ப என்ஜின் வாழ்வது சூட்டில் அல்ல, இரு சூடுகளின் இடைவெளியில். சித்திரை வெயிலில் நாற்பதைத் தொடும் அரூரில் அந்த இடைவெளி எங்கே? தவிர, இந்தப் பாறைக்குள் அவ்வளவு ஆழத்தில் ஓடும் நீர் கிடையாது. மேலிருந்து அழுத்தத்தோடு செலுத்தி, பாறையை விரித்து, சூடேற்றித் திரும்ப இழுக்க வேண்டும். கிடைக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியைப் பம்பே தின்றுவிடும். அப்படி நீரைச் செலுத்தியதுதான் 2017 நவம்பரில் தென்கொரியாவின் போஹாங் நிலநடுக்கத்தைத் தூண்டியது என்று அந்நாட்டு அரசு அமைத்த ஆய்வுக் குழுவே சொன்னது. ஆகவே தர்மபுரியில் புவிவெப்ப மின்சாரம் என்று யாராவது திட்டம் கொண்டுவந்தால், அந்தப் பணத்தைக் கூரைமேல் சூரியத் தகடாகப் போடுங்கள் என்று தயங்காமல் சொல்லலாம்.

இந்தியாவில் கணக்கு நேராகும் இடம் லடாக்கின் பூகா பள்ளத்தாக்கு. கடல்மட்டத்திலிருந்து சுமார் 4,400 மீட்டர் உயரம். லார்டெரெல்லோவைப் போலவே இங்கேயும் முதலில் எடுத்தது போராக்ஸும் கந்தகமும்தான். 1970-களில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை 34 துளைகள் போட்டுப் பார்த்தது. மிக ஆழமானது 385 மீட்டர். அதற்குள்ளேயே நீர் கொதித்து ஆவியாக வந்தது. டீசலை மலையேற்றிக் கொண்டுபோய் எரிக்கும் பகுதியில், குளிர்காலத்தில் வீடு சூடாக்கவே உயிர் போகும் இடத்தில், இது சாதாரண வரம் அல்ல. என் எண்ணத்தில், அங்கே அந்தச் சூட்டை மின்சாரமாக மாற்றுவதைவிடச் சூடாகவே வீட்டுக்கும் பள்ளிக்கும் பசுமைக்குடிலுக்கும் அனுப்பினால் பலன் அதிகம். மாற்றும்போதுதான் பெரும்பகுதி வீணாகிறது.

2021 பிப்ரவரியில் ஓ.என்.ஜி.சி. அங்கே ஒரு மெகாவாட் சோதனை நிலையத்துக்கு ஒப்பந்தம் செய்தது. 2022 ஆகஸ்டில் துளையிடும்போது நிலத்தடி நீர் அழுத்தத்தோடு பீறிட்டுப் பூகா ஓடையில் கலந்தது. வேலை நிறுத்தப்பட்டது. போரானும் ஃப்ளூரைடும் கரைந்த நீர் அது. மேய்ச்சல்காரர்களான சாங்பாக்களின் ஆடுகள் குடிக்கும் ஓடை.

ஃப்ளூரைடு என்றதும் எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் மனம் துணுக்குறும். கடினப்பாறையின் கனிமங்களிலிருந்து கரைந்து வரும் அது, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டிய கிணறுகளும் போர்வெல்களும் இங்கே ஊருக்கு ஊர் உண்டு. கறைபடிந்த பற்களோடு வளர்ந்த பிள்ளைகள், மூட்டு இறுகி நடக்கமுடியாமல் போன பெரியவர்கள். கைப்பம்பு வந்த நாளில் அது வரமாகத்தான் வந்தது. நிலத்தடியில் நீர் இருக்கிறதா என்று பார்த்தவர்கள், அந்த நீரில் என்ன இருக்கிறது என்று உரிய காலத்தில் பார்க்கவில்லை. அதைச் சரிசெய்யக் காவிரியை மேடேற்ற வேண்டியதாயிற்று. ஜப்பான் கடனுதவியோடு சுமார் 1,900 கோடி ரூபாயில் 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஆனால் அந்த 1,900 கோடி எந்தப் போர்வெல்லின் செலவுப் பட்டியலிலும் ஏறவில்லை. ஏறியிருந்தால், மலிவு என்று நினைத்த தண்ணீரின் உண்மை விலை தெரிந்திருக்கும்.

2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு தேசியப் புவிவெப்பக் கொள்கையை அறிவித்தது. கைவிடப்பட்ட எண்ணெய்க் கிணறுகளைப் பயன்படுத்துவதும் அதில் உண்டு. தமிழ்நாட்டில் அதற்குப் பொருந்தும் இடம் தர்மபுரியல்ல, ஒகேனக்கல்லைத் தாண்டி இதே காவிரி போய்ச் சேரும் டெல்டா. அங்கே பாறை இளசு. படிவுகளின் கீழே கோலாரைவிட வேகமாகச் சூடு ஏறுகிறது. எண்ணெய்க்கான துளையும் ஏற்கெனவே போட்டாகிவிட்டது. அதனால் பொருளாதாரக் கணக்கு அங்கே சற்றுச் சாதகமாக இருக்கலாம், நேர்மையாகப் பரிசோதிக்கத் தகுந்ததும்கூட. ஆனால் 2020 முதல் அது பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம். ஒரு கிணற்றைத் திறப்பதற்கு முன் சுற்றியுள்ள ஊர்களின் கிணற்று நீரையும் வயல் நீரையும் சோதித்து, உப்பு எவ்வளவு, போரான் எவ்வளவு, ஃப்ளூரைடு எவ்வளவு என்று ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். திறந்த பிறகு மாதாமாதம் அதே சோதனை, அதே சுவரில். இதற்காகும் செலவைத் திட்ட மதிப்பீட்டின் முதல் பக்கத்திலேயே சேர்க்க வேண்டும்.