டிசம்பர் மாசத்துப் பெட்ரோல் கணக்கு

போன மாதம் ஓசூரில் சித்தப்பா வீட்டுப் பரணை ஒழிக்கப் போயிருந்தேன். பழைய டெலிவரி சலான் கட்டுகளுக்கு நடுவில் ஒரு நீள நோட்டு கிடைத்தது. சிப்காட்டில் அவர் நடத்திய சின்னப் பட்டறையின் கார் லாக் புக். 1994ல் வாங்கிய மாருதி 800. தேதி, எங்கே போனது, கிலோமீட்டர், எத்தனை லிட்டர், கையெழுத்து. இந்த மாதிரி நோட்டு கையில் கிடைச்சா எனக்குச் சோறு தண்ணி வேண்டாம், உட்கார்ந்து கூட்டல் போட ஆரம்பிச்சிடுவேன்.

1995 டிசம்பர், 1996 ஜனவரி பக்கங்களில் சிவப்புப் பென்சிலில் வட்டம் போட்டிருந்தது. ஓரத்தில் சித்தப்பா கையெழுத்தில் ஒரு கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறியின் கதை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கார் ஓட்டிய அண்ணன், பேர் வேண்டாம், ட்யூப் போட்டுப் பெட்ரோல் எடுக்கிறார்னு சந்தேகம். யாரும் நேரில் பார்க்கவில்லை. கணக்கு மட்டும்தான் சாட்சி. பிப்ரவரியில் அவர் வேலையை விட்டுப் போனார், அல்லது போக வைக்கப்பட்டார். எங்களைச் சைக்கிள் ஓட்டப் பழக்கியவர் அவர்தான். அதனால்தான் இந்த நோட்டை மூடி வைக்க மனசு வரலை.

முதலில் ஊர் பற்றி. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மத்திகிரிப் பண்ணை 1824ல் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குக் குதிரை வளர்க்க ஆரம்பித்தது. அதற்கு இந்த மேட்டுநிலத்தின் குளிர்ச்சி தோதாக இருந்தது. 'லிட்டில் இங்கிலாந்து' என்ற பட்டப்பேரை இன்னும் ரியல் எஸ்டேட்காரர்கள் விடவில்லை. பிறகு சிப்காட் வந்தது, 1980ல் டிவிஎஸ் 50 வந்தது, அசோக் லேலண்ட் வந்தது, 1987ல் டைட்டன் கடிகாரம் வந்தது. இவற்றுக்குப் பாகம் செய்துகொடுக்கிற நூற்றுக்கணக்கான சின்னப் பட்டறைகளில் ஒன்றுதான் சித்தப்பாவுடையது. எஞ்சினுக்குப் பாகம் செய்கிற ஊரில், எஞ்சினுக்குக் குளிர் பிடிக்கும்னு யாருக்கும் தோணலை.

எங்கள் ஊர்க் குளிர் என்ன பெரிய குளிர்னு கேட்கலாம். நியாயம்தான். பக்கத்துப் பெங்களூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி, அதுவும் 1884 ஜனவரியில். சாதாரண டிசம்பர் விடியற்காலை இங்கே 14, 15 டிகிரி இருக்கும். ஏப்ரல் மதியத்தோடு ஒப்பிட்டால் இருபது டிகிரி வித்தியாசம்.

பெட்ரோல் திரவமாக எரியாது, ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். எஞ்சின் ஜில்லென்று இருக்கும்போது உள்ளே போகிற பெட்ரோலில் ஒரு பகுதி ஆவியாகாமல் குழாய்ச் சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் பிஸ்டன் ஓரமாக இறங்கி ஆயிலோடு கலந்துவிடும். மிச்சம் இருக்கிற ஆவி பற்றிக்கொள்ளப் போதாது. அப்போ என்ன செய்யலாம்? இன்னும் நிறையப் பெட்ரோல் ஊற்றலாம். நிறைய ஊற்றினால் அதில் ஆவியாகிறதாவது போதுமான அளவு இருக்கும். இந்த முரட்டு வைத்தியத்துக்குப் பேர்தான் சோக்.

அம்பாசடர், பத்மினி, ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஓட்டியவர்களுக்குச் சோக் என்றால் விளக்க வேண்டாம். காலையில் குமிழை இழுத்து, ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் இருமி முடிக்கும் வரை காத்திருந்து, மெல்ல உள்ளே தள்ளணும். 1983 டிசம்பர் 14 அன்று டெல்லியில் முதல் மாருதியின் சாவியை இந்திரா காந்தி கொடுத்தபோது அந்த 796 சிசி வண்டி ஜப்பான் நுட்பம், புது யுகம் என்றெல்லாம் பேசினார்கள். ஆனால் அதிலும் கார்புரேட்டர்தான், சோக்தான். இழுத்த சோக்கை உள்ளே தள்ள மறந்து சிப்காட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனவர்கள் எத்தனை பேர்! கறுப்புப் புகையும் பெட்ரோல் வாசனையும் வந்த பிறகுதான் ஞாபகம் வரும்.

சோக் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஆயில். ஆறின எண்ணெய் தேன் மாதிரி. அப்போ பரவலாக ஓடியது 20டபிள்யூ-40 ரகம். குளிரில் அது கெட்டியாக இருக்கும்போது எஞ்சின் தன் உடம்பைத் தானே சுழற்றிக்கொள்ளவே தெம்பு செலவழிக்கும். கியர்பாக்ஸ் ஆயிலும் அப்படித்தான். எண்ணூறு சிசி எஞ்சினின் மொத்த பலமே கொஞ்சம், அதில் இந்த உராய்வுக்குப் போகிற பங்கு கண்ணுக்குத் தெரிகிற பங்கு. லாரிக்கும் இதே உராய்வு உண்டு. ஆனால் அது சூடேறியபின் நானூறு கிலோமீட்டர் ஓடும், ஆரம்பத்து நஷ்டம் கரைந்துபோகும். சின்னக் காரின் தலையெழுத்து, அதை நாம் சின்னத் தூரத்துக்குத்தான் எடுக்கிறோம்.

லாக் புக்கில் இதுதான் எனக்கு முதலில் பட்டது. பட்டறை - பேங்க். பட்டறை - எக்சைஸ் ஆபீஸ். பட்டறை - பஸ் ஸ்டாண்டு, பார்சல். எல்லாம் மூன்று, நான்கு கிலோமீட்டர். ஒவ்வொன்றுக்கும் இடையில் வண்டி ஒரு மணி, இரண்டு மணி நேரம் நின்று ஆறியிருக்கும். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் வேலை முடிந்து கார் நின்றுவிடும். அமெரிக்க எரிசக்தித் துறை தருகிற கணக்குப்படி, 25 டிகிரியில் கிடைக்கிற மைலேஜ் மைனஸ் 7ல் நகர ஓட்டத்துக்குச் சுமார் 15 சதவீதம் குறையும். ஐந்தாறு கிலோமீட்டர் ட்ரிப் மட்டும் என்றால் 24 சதவீதம் வரை போகும். நம்ம ஊருக்கு மைனஸ் 7 வராது, அதனால் இந்த எண்ணை அப்படியே எடுத்துக்க முடியாது. ஆனால் ட்ரிப் சின்னதானால் நஷ்டம் ஏறும் என்ற விதி இங்கேயும் அதேதான். போதாததற்கு, காலையில் ஸ்டார்ட் பண்ணி விட்டுட்டுக் காபி குடிக்கப் போகிற பழக்கம் வேறு. நிற்கிற வண்டிக்கு மைலேஜ் பூஜ்யம்.

டயர் காற்றையும் குளிர்காற்றின் அடர்த்தியையும் நிறையப் பேர் காரணமாகச் சொல்வார்கள். ஐந்தாறு டிகிரி குறைந்தால் டயரில் ஒரு பிஎஸ்ஐ குறையும், உண்மை. ஆனால் ஒரு பிஎஸ்ஐக்கு மைலேஜ் இழப்பு 0.2 சதவீதம்தான், நோட்டில் தெரிகிற அளவு இல்லை. அடர்த்தி விஷயம் ஓசூரில் இன்னும் வேடிக்கை. பதினைந்து டிகிரி குளிர்ந்தால் காற்று சுமார் 5 சதவீதம் கனக்கும், ஆனால் 900 மீட்டர் உயரம் ஏற்கெனவே 10 சதவீதம் போலக் குறைத்துவிட்டது. சென்னைக்காரரை விட நமக்குக் காற்றுத் தடை எப்போதும் கம்மி. அதே மெல்லிய காற்றால், சென்னையில் ட்யூன் பண்ணின கார்புரேட்டர் இங்கே வந்தால் பெட்ரோலைக் கொஞ்சம் கூடுதலாகவே கலக்கும். அது வருஷம் முழுக்க நடக்கிற செலவு, டிசம்பர் வட்டத்துக்கு அது பொறுப்பில்லை.

கிருஷ்ணகிரி ட்ரிப்பா என்றும் பார்த்தேன். அங்கிருந்து ஓசூருக்குச் சூளகிரி வழியாக ஏறத்தாழ 400 மீட்டர் ஏறணும். ஆளோடும் சரக்கோடும் 900 கிலோ வண்டியை அவ்வளவு தூக்க அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான பெட்ரோல் தனியாக வேண்டும். ஆனால் கிருஷ்ணகிரி ட்ரிப்கள் எல்லா மாதமும் ஒரே மாதிரிதான் இருந்தன. அட்டிபெலே பங்கில் போட்டதா, இந்தப் பக்கம் போட்டதா என்றும் பிரித்துப் பார்த்தேன். ஒன்றும் தேறலை.

அப்புறம்தான் அதற்கு முந்தின குளிர்காலத்தைப் பார்த்தேன். 1994 டிசம்பரிலும் மைலேஜ் இறங்கியிருக்கு. ஆனால் லேசாக, யாரும் வட்டம் போடாத அளவுக்கு. அதே வண்டி, அதே ட்ரிப், அதே ஓட்டுநர். 1995ல் மட்டும் ஏன் பள்ளம்? நடுவில் மே மாதத்தில் ஒரு வரி: 'சேலம் ரிட்டர்ன், ஹீட். மெக்கானிக். வால்வு கழட்டியது.'

இந்த 'வால்வு' என்னவென்று பழைய மெக்கானிக்குகளைக் கேட்டால் சிரிப்பார்கள். தெர்மோஸ்டாட். எஞ்சின் ஆறியிருக்கும்போது தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் அடைத்து வைத்து, 80 டிகிரி சுமாருக்கு வந்ததும் திறக்கிற சின்ன உறுப்பு. அடைத்துக்கொண்டு திறக்காமல் போனால் எஞ்சின் கொதிக்கும். அதனால் சமவெளி வெயிலில் வேலை பார்த்த மெக்கானிக்குகள் 'நம்ம நாட்டுக்கு இது எதுக்கு சார்' என்று கழட்டித் தூர எறிவது நாடு முழுக்க இருந்த வழக்கம். கழட்டினபின் மீட்டர் முள் மேலே ஏறாது, ஓனருக்கு ஒரே சந்தோஷம். உள்ளே எஞ்சின் நாள் முழுக்க நடுங்கிக்கொண்டிருப்பது யாருக்கும் தெரியாது. மே மாதச் சேலத்தில் பெரிதாகத் தெரியாத இந்தத் தவறு, டிசம்பர் மாத ஓசூரில், மூன்று கிலோமீட்டர் ட்ரிப்பில், சோக்கை உள்ளே தள்ள முடியாத வண்டியாக மாறும். தள்ளினால் ஆஃப் ஆகும், ஓட்டுகிறவர் பாவம் என்ன செய்வார்.

2000ல் மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் நாடு முழுக்க இறுகியபோது கார்களில் கார்புரேட்டர் போய் எம்பிஎஃப்ஐ வந்தது. சோக் குமிழ் டேஷ்போர்டிலிருந்து மறைந்தது. வேலை மறையவில்லை, தண்ணீரின் சூட்டைப் பார்த்து ஈசியூ தானே பெட்ரோலைக் கூட்டிக்கொள்கிறது. புகைக்குழாயிலுள்ள கேட்டலிஸ்ட் சூடேறவும் கொஞ்சம் பெட்ரோலைச் செலவழிக்கிறது. ஐரோப்பாவில் இப்போது 23 டிகிரியில் சோதித்துவிட்டு, 14 டிகிரியில் இன்னொரு தரம் சோதித்துத் திருத்துகிறார்கள். 14 டிகிரி! நம்ம மார்கழிக் காலை.

மின்சார வண்டிக்கும் இதிலிருந்து தப்பில்லை. ஓசூர் ரோட்டில் பொம்மசந்திராவில் 2001ல் கிளம்பிய ரேவாவின் எட்டு லெட்-ஆசிட் பேட்டரிகளானாலும், இன்று ஓசூரிலும் போச்சம்பள்ளிப் பக்கமும் செய்கிற ஸ்கூட்டர்களின் லித்தியமானாலும், குளிரில் வேதிவினை மெதுவாகும், ரேஞ்ச் குறையும். அது தனிப் பதிவுக்கான விஷயம்.

இதையெல்லாம் எழுதுவதற்கு முன்னால் சித்தப்பாவிடம் நோட்டைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு மே மாத வரியை இரண்டு தரம் படித்தார்.

"வால்வை நான்தான்டா கழட்டச் சொன்னேன்" என்றார். "அவன் வேண்டாம் சார்னு சொன்னான். ஞாபகம் இருக்கு."

அந்த அண்ணன் இப்போ எங்கேன்னு கேட்டேன். பாகலூர் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறதாக யாரோ சொன்னாங்களாம். நோட்டை என்னிடம் திருப்பித் தரவில்லை. ஞாயித்துக்கிழமை காரை எடுத்துக்கிட்டு வா, நானும் வரேன்னு மட்டும் சொன்னார்.