ஏகம்பத்தில் கிடைத்த ஒரு கண்

ஏனாத்தூரில் படித்த காலத்தில் ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போகாதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. பரீட்சைக்கு முதல் நாள் கூட்டம் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும்! அங்கே சுந்தரருக்குப் பார்வை கிடைத்தது என்று எல்லாருக்கும் தெரியும். எத்தனை கண் என்று கேட்டால்தான் பலர் முழிப்பார்கள். ஒன்றுதான், இடது கண்.

12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார் இதை விரிவாகச் சொல்கிறார். திருவாரூரில் பரவையாரை மணந்திருந்த சுந்தரர், திருவொற்றியூரில் சங்கிலியாரையும் மணக்க விரும்பினார். பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்து தரவேண்டும். ஊர் ஊராகப் பாடித் திரிகிறவருக்கு அது நடக்கிற காரியமா? சிவபெருமானிடமே ஓர் ஏற்பாடு பேசினார்: சத்தியம் செய்யும் நேரத்தில் சந்நிதியை விட்டு மகிழமரத்தடிக்குப் போய்விட வேண்டும். நல்ல வக்கீல் மூளை! பெருமானோ சங்கிலியார் கனவில் தோன்றி, சத்தியத்தை மகிழடியில் கேட்கச் சொல்லிவிட்டார். வசந்தகாலம் வந்தது, ஆரூர் நினைவும் வந்தது. ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரு கண்ணும் போயின.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஈடிபஸ் ஞாபகம்தான் வரும். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸில் சோபக்ளீஸ் எழுதிய நாடகம். முன்னாள் அரசனைக் கொன்றவன் யார் என்று தேடுகிறான் மன்னன் ஈடிபஸ். நீதான் என்கிறார் பார்வையற்ற டைரீசியஸ். அவருடைய குருட்டுத்தனத்தையே சொல்லி ஏசுகிறான் அரசன். நீயும் கோல் ஊன்றித் தடவி நடப்பாய் என்கிறார் அவர். தந்தையைக் கொன்று தாயை மணந்தவன் தானே என்று தெரிந்ததும், ஈடிபஸ் தன் கண்களைத் தானே குத்திக்கொள்கிறான். அங்கே உண்மை தெரிந்து கண் போயிற்று; இங்கே சத்தியம் பொய்த்துப் போயிற்று. வேடிக்கை என்னவென்றால், தெரியாமல் செய்தவன் தண்டனையைத் தானே எடுத்துக்கொண்டான். தெரிந்தே செய்த நம்மவர் கண்ணைக் கொடு என்று வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு நடந்தார்!

இவருக்கும் கோல் உண்டு. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது. (அந்தப் பழைய கோயில் 1944இல் கட்டி முடிந்த பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. இப்போதைய கோயில் பூண்டியில் இருக்கிறது.) பிறகு காஞ்சியில் காமக்கோட்டத்தை வணங்கி ஏகம்பம் வந்தார்.

எல்லாம் சேக்கிழார் கற்பனை என்று ஒதுக்க முடியாது. அவருக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முந்திய சுந்தரர், ஏழாம் திருமுறையில் தம் வாயாலேயே சொல்கிறார். திருமுல்லைவாயிலில் சங்கிலியின் பெயரைச் சொல்லி, அவளுக்காக என் கண்ணைப் பறித்தாய் என்கிறார். வெண்பாக்கத்தில், பொறுத்துக்கொள்வாய் என்று நம்பித்தான் பிழை செய்தேன் என்கிறார். கண்ணைப் படலம் மறைத்ததாகவும் பாடுகிறார். என் கணக்கில் இதுவே பெரிய சாட்சி. அடியாராகப் பாராட்டப்படுகிற ஒருவர் தம் குற்றத்தைத் தாமே பாட்டில் எழுதி வைப்பது எளிதில்லை. ஆரூர்ப் பதிகத்தில் மற்றைக் கண்ணைக் கேட்பதிலிருந்து, ஒரு கண் முன்பே கிடைத்துவிட்டது என்று தெரிகிறது. தராவிட்டால் நீராவது நன்றாக இரும் என்று அங்கேயும் குத்தல் பேச்சுதான்.

ஆரூரில் வலது கண்ணும் கிடைத்தது. பரவையார்தான் வீட்டுக்குள் விடவில்லை. ஒற்றியூர்க் கல்யாணச் செய்தி அவருக்கு முன்பே எட்டியிருந்தது.