கோனித் தீவில் மரபும் முதலீடும்

நியூயோர்க் நகரின் கோனித் தீவு, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உழைக்கும் மக்களின் களியாட்டக் களமாக விளங்கியது. அங்கு 1920 இல் ‘வொண்டர் வீல்’ இராட்டினமும், 1925 இல் ‘தண்டர்போல்ற்’, 1927 இல் ‘சைக்கிளோன்’ ஆகிய றோலர் கோஸ்ரர்களும் எழுந்தன. ஆயினும், இம்மூன்றின் பிற்கால வரலாறு ஒரே தன்மையதன்று.

அயலிலுள்ள மீன்காட்சியகத்தை விரிவாக்கும் பொருட்டுச் சைக்கிளோனை அகற்றும் திட்டம் மக்கள் எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. 1975 இல் அஸ்ட்ரோலாண்ட் பூங்காவினர் அதனைக் குத்தகைக்கு எடுத்துப் புதுப்பித்தனர். 1988 இல் சைக்கிளோனும் 1989 இல் வொண்டர் வீலும் நகரின் மரபுச் சின்னங்களாயின. 1982 இல் மூடப்பட்ட தண்டர்போல்ற்றுக்கு அத்தகைய காப்பு கிட்டவில்லை. 2000 இல் நகர நிர்வாகம் அதனை இடித்தது.

எனினும், சட்டக் காப்பு மட்டும் போதுமானதன்று. மரத்தண்டவாளம் இடையறாது பழுதுபார்க்கப்படல் வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். அஸ்ட்ரோலாண்ட் 2008 இல் மூடப்பட்டபின், 2010 இல் புதிய லூனா பார்க் திறக்கப்பட்டது. சைக்கிளோனும் பின்னர் அதன் பொறுப்பில் வந்தது. அப்பூங்காவில் 2014 இல் உருக்கினாலான புதியதொரு தண்டர்போல்ற் அமைக்கப்பட்டது. முதலீடு பழைய பெயரை மீளக் கொணர்ந்ததேயன்றி, இடிக்கப்பட்டதை மீட்கவில்லை. ஆகவே, காப்பு முந்தியும் முதலீடு பிந்தியும் வந்தவிடத்திலேயே மரபு நிலைபெற்றது எனலாம்.