பினாங்கு மேடையும் மலாய்ப் படப் பாட்டும்

பினாங்கின் ஜார்ஜ் டவுன் குயின் தெருவில் 1833ஆம் ஆண்டு முதல் விளங்கிவரும் மகா மாரியம்மன் கோயிலில் அர்ச்சனையை முடித்துக்கொண்டு, தமிழர்கள் கடைத்தெரு என்றே வழங்கும் மார்க்கெட் தெருப் பக்கம் திரும்பினால், கடை வாசலில் கட்டிய ஒலிபெருக்கியிலிருந்து தமிழ்ச் சினிமாப் பாட்டு வந்து காதை அடைக்கும். அதே ஊரில் பிறந்த பாடகரும் நடிகருமான பி. ரம்லியின் மலாய்ப் பாட்டொன்றை அதன் பிறகு கேட்க நேர்ந்தால், சொற்கள் விளங்காத நிலையிலும் அதன் மெட்டு நமக்கு ஏற்கெனவே பழக்கமானது போலத் தோன்றும். இந்திப் படங்களையும் தமிழ்ப் படங்களையும் பார்த்து மலாய்க்காரர் நகல் செய்ததால் வந்த ஒற்றுமை இது என்று பலரும் எளிதாகத் தீர்ப்புச் சொல்லிவிடுகின்றனர். அந்த அபிப்பிராயத்தில் உண்மை பாதியே உண்டு. மற்றப் பாதி, சினிமா பிறப்பதற்கு வெகு காலம் முன்பு பினாங்கு மேடையில் நிகழ்ந்ததாகும்.

பம்பாயில் தோன்றிய பார்சி நாடகக் கம்பெனிகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஒருபுறம் சென்னை ராஜதானிக்கும் மறுபுறம் கப்பலேறிப் பினாங்குக்கும் சென்றன. இங்கே அவை மூட்டிவிட்ட மோகத்தின் பயனாக, நம் கம்பெனி நாடகங்களில் வர்ணத் திரைகளும் ஹார்மோனியமும் இடம்பெற்றன. நாடகப் பாட்டுப் புத்தகங்களில் ‘பார்சி மெட்டு’ என்ற குறிப்பும் ஏறியது. அங்கேயோ, மாமாக் புஷி என்ற பினாங்குச் செல்வர், திரும்பிப் போகவிருந்த பார்சிக் குழுவொன்றின் உடைகளையும் திரைகளையும் விலைக்கு வாங்கி, 1885ஆம் ஆண்டையொட்டி மலாய் மொழியில் ஒரு நாடகக் குழுவைத் தொடங்கினார் என்பர். ‘மாமாக்’ என்பது நம்முடைய ‘மாமா’தான். இவ்வாறு பிறந்த கலைக்குப் ‘பங்சாவான்’ என்று பெயர். அதன் முதற்பகுதியில் ‘வம்சம்’ என்ற வடசொல் மறைந்திருக்கிறது. இக்கலையின் வரலாற்றை 1993இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்த தான் சூயி பெங் அம்மையார் பினாங்கிலேயே பேராசிரியராக இருந்தவர்.

பங்சாவானில் ஒரு காட்சி முடிந்து, அரண்மனைத் திரையைச் சுருட்டிக் காட்டுத் திரையை இறக்கும் வரையில், சபையோர் எழுந்து போய்விடாதபடி, கதையோடு யாதொரு சம்பந்தமுமின்றி ஒரு பாட்டும் ஆட்டமும் ஹாஸ்யமும் நடக்கும். அதனை ‘எக்ஸ்ட்ரா டர்ன்’ என்றே மலாய் நடிகர்கள் அழைத்தனர். நம் பபூன் செய்த வேலையும் ஏறத்தாழ இதுவேயன்றோ? கதை நின்றாலும் பாட்டு நிற்கலாகாது என்ற இந்தச் சம்பிரதாயம் பேசும் படத்துக்குள் அப்படியே புகுந்தது. லக்னௌவில் பிறந்து, பார்சி மேடையிலும் பினாங்கின் மலாய் மேடையிலும் நடிக்கப்பெற்ற ‘இந்திரசபா’ 1932இல் கல்கத்தாவில் படமானபோது, அதில் ஏறக்குறைய 70 பாட்டுகள் இருந்தன.

மேடையிலிருந்து பாட்டு மட்டுமன்று, நடிகர்களும் வந்தனர். 1931 அக்டோபர் 31இல் வெளியான முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ படத்தின் கதாநாயகி டி. பி. ராஜலட்சுமி நாடக மேடையிலிருந்து வந்தவர். 1934இல் சிங்கப்பூரில் திரையிடப்பட்ட முதல் மலாய்ப் பேசும் படமான ‘லைலா மஜ்னு’வின் நடிகர்களும் பங்சாவான் மேடையினரே. அதை இயக்கியவர் இந்தியாவிலிருந்து சென்ற பி. எஸ். ராஜ்ஹன்ஸ். தமிழில் 1938இல் ‘நந்தகுமார்’ தொடங்கி வைத்த பின்னணிக் குரல் முறை, யுத்தத்துக்குப் பின் சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவிலும் வழக்கமாயிற்று.

1948இல் புக்கிட் மெர்தாஜாமில் ராஜ்ஹன்ஸின் செவியில் விழுந்த ஒரு குரல் இந்த வரலாற்றைத் திருப்பியது. குரலுக்குரியவர் 1929 மார்ச் 22இல் ஜார்ஜ் டவுனில், ஆச்சே நாட்டிலிருந்து வந்த தந்தைக்குப் பிறந்த இளைஞர் ரம்லி. அவர் பாடியது தாமே இயற்றிய ‘அசீசா’. ரம்லி அவ்வாண்டிலேயே ‘சிந்தா’ படத்தில் சிறு வேடத்தில் நடித்ததோடு, கதாநாயகனுக்குப் பின்னணியும் பாடினார். 1950இல், சென்னை ராஜதானியில் பிறந்து பாலப் பருவத்திலேயே மலாயா சென்ற எல். கிருஷ்ணன் இயக்கிய ‘பக்தி’ படத்தில் அவரே கதாநாயகனானார். படப் பெயர்களைப் பாருங்கள்: சிந்தா, பக்தி! பனி மஜும்தார் இயக்கிய ‘ஹாங் துவா’ படத்துக்கு அவர் அமைத்த இசை 1957இல் டோக்கியோவில் நடந்த ஆசியப் படவிழாவில் பரிசு பெற்றது.

ஆயினும் என் கணிப்பில் அவருடைய சிகரம், 1962இல் அவரே இயக்கிய ‘இபு மெர்த்துவாக்கு’, அதாவது ‘என் மாமியார்’. சாக்ஸபோன் வாசிப்பவன் தன் மகளுக்கு மாப்பிள்ளையாவதா என்று பொருமும் சீமாட்டி, மகள் இறந்துவிட்டாள் என்ற பொய்ச் செய்தியை அனுப்புகிறாள். பினாங்கில் தனித்திருக்கும் மருமகன் அழுதழுதே பார்வையை இழக்கிறான். பின்பு ஒருநாள் அவன் வாத்தியத்தை மறுபடியும் உதட்டில் வைக்கும்போது, வசனம் சொல்லாத துக்கத்தையெல்லாம் அந்த ஊதல் சொல்லிவிடுகிறது. நாதஸ்வரக் கலைஞனைக் கதாநாயகனாக்கிய ‘தில்லானா மோகனாம்பாள்’ நமக்குக் கிடைத்தது 1968இல்; அதை இயக்கிய ஏ. பி. நாகராஜன் நாடகக் கம்பெனியில் ஸ்திரீபார்ட் போட்டு வளர்ந்தவர். ஒருவரை ஒருவர் பார்த்து எழுதியதாகச் சொல்ல இங்கே இடமில்லை. வித்துவானின் மானாபிமானத்தையே கதையாக்கும் துணிவு, இருவருக்கும் மேடையின் வழியாக வந்த பிதுரார்ஜிதம் என்றே கொள்கிறேன்.

1964இல் கோலாலம்பூர் சென்ற ரம்லி, கிட்டார்ப் பாட்டுகளின் அலையில் செல்வாக்கு மங்கி, 1973 மே 29இல் 44 வயதில் காலமானார். அவர் பிறந்த வீடு இன்று ஜாலான் பி. ரம்லி என்ற தெருவில் காட்சிசாலையாக இருக்கிறது. பினாங்குத் தமிழ்க் குடும்பங்களில் எவரிடமேனும் மெட்டுக் குறிப்போடு கூடிய பழைய நாடகப் பாட்டுப் புத்தகம் இருக்குமாயின், செல்லுக்கு இரையாகுமுன் அதை ஒரு நூலகத்தில் சேர்த்துவிட வேண்டுகிறேன்; பங்சாவான் பாட்டுகளை அதனருகில் வைத்து ஒப்பிடும் வேலை இன்னும் பாக்கியிருக்கிறது.