இயற்பியல் உலகையே பரபரப்பாக்கிய ‘புதிய துகள்’ 8 மாதத்தில் மாயமானது எப்படி? ‘5 சிக்மா’ விதி என்றால் என்ன?

2015 டிசம்பர் 15. சுவிட்சர்லாந்தின் ஜெனிவா அருகே உள்ள செர்ன் ஆய்வு மையத்தில் அட்லஸ், சிஎம்எஸ் என்ற இரண்டு குழுக்கள் தங்கள் ஆய்வு முடிவுகளை வெளியிட்டன. இரண்டு குழுக்களின் வரைபடத்திலும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் ஒரு சின்ன மேடு தெரிந்தது. ஹிக்ஸ் போசானைவிட 6 மடங்கு நிறை கொண்ட, இதுவரை யாருமே பார்க்காத துகளாக இருக்குமோ என்ற பரபரப்பு பற்றிக்கொண்டது.

அடுத்த சில மாதங்களில் அந்த மேட்டை விளக்கி சுமார் 500 ஆய்வுக் கட்டுரைகள் குவிந்தன. ஆனால் 2016 ஆகஸ்டில் சிகாகோவில் நடந்த மாநாட்டுக்கு இரு குழுக்களும் கூடுதல் தரவுகளுடன் வந்தபோது, அந்த மேடே இல்லை!

இதில் யாரும் மோசடி செய்யவில்லை. கருவியும் பழுதாகவில்லை. அப்புறம் என்னதான் நடந்தது?

மோதலில் எதைத் தேடுகிறார்கள்?

பிரான்ஸ் - சுவிட்சர்லாந்து எல்லையில், பூமிக்கு அடியில் 27 கி.மீ. சுற்றளவுள்ள வட்டச் சுரங்கத்தில் இருக்கிறது ‘லார்ஜ் ஹேட்ரான் கொலைடர்’. மைனஸ் 271.3 டிகிரி செல்சியஸ் வரை குளிரூட்டப்பட்ட காந்தங்கள், எதிரெதிரே பாயும் புரோட்டான்களை அந்த வட்டப் பாதையில் வளைத்து ஓட்டுகின்றன. மோதும் இடங்களில் நொடிக்கு சுமார் 100 கோடி மோதல்கள் வரை நடக்கும்.

இத்தனையையும் சேமித்து வைக்க எந்தக் கணினியாலும் முடியாது. அதனால் ‘ட்ரிக்கர்’ என்ற தானியங்கி அமைப்பு, கண் இமைக்கும் நேரத்துக்குள் சலித்து எடுத்து, நொடிக்கு ஆயிரம் என்ற அளவில் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும்.

ஹிக்ஸ் போன்ற துகள் பிறந்த உடனேயே சிதைந்துவிடும். அதை நேரில் பார்க்கவே முடியாது. அது விட்டுச்செல்லும் இரண்டு போட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள்தான் கருவியில் சிக்கும். அவற்றின் ஆற்றலையும் பறந்த திசையையும் வைத்து, தாய்த் துகளின் நிறையைக் கணக்கிடுவார்கள்.

சாதாரண மோதல்களிலும் இப்படி ஜோடி போட்டான்கள் வரும். அவற்றை வரைபடமாகப் போட்டால் சீராக இறங்கும் சரிவு கிடைக்கும். புதிய துகள் இருந்தால், அந்தச் சரிவில் ஒரு மேடு எழும்.

மேடு தெரிந்தால் போதாதா?

போதாது. ஒரு நாணயத்தை 10 முறை சுண்டி, 10 முறையும் ‘தலை’ விழுந்தால் யாருக்குமே சந்தேகம் வரும். ஆனால் ஒரு மைதானத்தில் ஆயிரம் பேர் உட்கார்ந்து சுண்டினால்? அவர்களில் யாராவது ஒருவருக்கு அப்படி விழுவது சகஜம்.

துகள் ஆய்விலும் இதேதான். வரைபடத்தில் நூற்றுக்கணக்கான இடங்களில் தேடும்போது, எங்காவது ஒரு மேடு தற்செயலாக எழும். 2015-ல் அட்லஸ் கண்ட மேடு, அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் 3 சிக்மாவைத் தாண்டியது. தேடிய இடங்களை எல்லாம் கணக்கில் சேர்த்ததும் சுமார் 2 சிக்மாவாகச் சுருங்கியது.

அதனால்தான் ‘கண்டுபிடிப்பு’ என்று அறிவிக்க 5 சிக்மா வேண்டும் என்கிறார்கள். புதிய துகளே இல்லாதபோது, தற்செயலாக மட்டும் இவ்வளவு பெரிய மேடு வர சுமார் 35 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான் உண்டு என்பது இதன் பொருள். தொடர்ந்து சுமார் 22 முறை ‘தலை’ விழுவதற்குச் சமம்!

ஆய்வாளரின் ஆசையும் ஆபத்துதான்

எதிர்பார்த்த விடை வந்ததும் கணக்கை நிறுத்திவிடுவது மனித இயல்பு. இதைத் தடுக்க ‘மறைப்பு முறை’ இருக்கிறது. அமெரிக்காவின் ஃபெர்மிலேப் மையத்தில் மியூவான் துகளின் காந்தப் பண்பை அளந்தபோது, கடிகாரத்தின் சரியான அதிர்வெண் ஆய்வுக் குழுவுக்கே சொல்லப்படவில்லை. அந்த எண் மூடி முத்திரையிட்ட உறைக்குள் இருந்தது. கணக்கு எல்லாம் முடிந்த பிறகு, 2021-ல்தான் உறை பிரிக்கப்பட்டது.

5 சிக்மா இருந்தாலே உண்மையா?

அப்படியும் சொல்ல முடியாது. 2011 செப்டம்பரில், செர்னில் இருந்து சுமார் 730 கி.மீ. தொலைவில் உள்ள இத்தாலியின் கிரான் சாசோ ஆய்வகத்துக்கு நியூட்ரினோக்கள் ஒளியைவிட 60 நானோ நொடி முன்னதாக வந்துவிட்டதாக ஓபரா குழு அறிவித்தது. 5 சிக்மாவையும் தாண்டிய முடிவு அது. ஐன்ஸ்டீனே தோற்றுவிட்டாரா என்று பேச்சு எழுந்தது.

கடைசியில் பார்த்தால், சரியாகப் பொருத்தப்படாத ஓர் ஆப்டிகல் ஃபைபர் கேபிள்தான் முக்கியக் காரணம். அதே ஆய்வகத்தில் இருந்த இகாரஸ் என்ற இன்னொரு குழு அளந்தபோது, நியூட்ரினோ ஒளியை முந்தவில்லை என்பது உறுதியானது. சிக்மா தற்செயலைத்தான் பிடிக்கும். கருவியின் கோளாறைப் பிடிக்க, வேறொரு கருவியும் வேறொரு குழுவும் வேண்டும்.

2012 ஜூலை 4-ல் ஹிக்ஸ் போசான் அறிவிக்கப்பட்டபோது இந்த இரண்டு நிபந்தனைகளும் நிறைவேறின. அட்லஸ், சிஎம்எஸ் இரண்டுமே தனித்தனியாக 5 சிக்மா அளவை எட்டின. அதன்பிறகு தரவுகள் பல மடங்கு பெருகியும் அந்த மேடு மறையவில்லை.

இனி ‘புதிய துகள் கண்டுபிடிப்பு’ என்று செய்தி வந்தால், ஷேர் செய்வதற்கு முன் 3 கேள்விகள் போதும். எத்தனை சிக்மா? வேறு குழுவும் பார்த்ததா? தரவு கூடியபோது அந்த மேடு வளர்ந்ததா, கரைந்ததா?