ஃபிளாய்டு ரோஸ் பிரிட்ஜில் தந்தி அறுதல்

எலெக்ட்ரிக் கிதார் தந்தியை நட்டிலும் பிரிட்ஜிலும் திருகிப் பூட்டும் இந்த அமைப்பை அமெரிக்கரான ஃபிளாய்டு ரோஸ் 1970களின் இறுதியில் உருவாக்கினார். தந்தி பெரும்பாலும் பிரிட்ஜில் அது அமரும் சேடிலில், அதைக் கவ்வும் இடத்தருகே அறுகிறது. பிசிறு இருந்தால், சேடிலின் விளிம்பை விரலால் தடவும்போது நெருடும். நைஸ் உப்புத்தாளால் மழுக்கலாம். அளவுக்குமீறித் திருகுவதும் தந்தியை நசுக்கும்.

மிதக்கும் பிரிட்ஜில் ஒன்று அறுந்தால் பின்புற ஸ்பிரிங்குகள் பிரிட்ஜை இழுக்க, மிச்ச ஐந்தும் சுருதி ஏறிவிடும். மேடையில் இதைவிடக் கொடுமை இல்லை. கமகத்துக்குத் தந்தியை இழுத்தாலோ மற்றவை இறங்கும். கர்நாடக இசைக்கு அசையாத பிரிட்ஜே உகந்தது.

மயிலாப்பூர், அடையாறு பக்கம் கடற்காற்றும் வியர்வையும் எஃகுத் தந்தியைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். வாசித்த கையோடு உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும், சேடில் இடுக்கு உட்பட.