பச்சிளம் குழந்தை ஃபைப்ரோசார்கோமா: மரபணு ஆய்வின் வரலாறு

பச்சிளம் குழந்தை ஃபைப்ரோசார்கோமா மென்திசுக்களில் தோன்றும் அரிய புற்றுநோய். பெரும்பாலும் முதல் பிறந்தநாளுக்கு முன்பே கையிலோ காலிலோ வீக்கமாகத் தென்படும்; கட்டியோடு பிறக்கும் குழந்தைகளும் உண்டு. கட்டி மளமளவென்று வளரும். பிற உறுப்புகளுக்குப் பரவுவது குறைவு.

நுண்ணோக்கியில் பார்த்தால் பெரியவர்களுக்கு வரும் ஃபைப்ரோசார்கோமாவுக்கும் இதற்கும் வேறுபாடு தெரியாது. ஆனால், குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள் என்பதை 1976இல் சங், என்சிங்கர் ஆகியோரின் ஆய்வு காட்டியது. ஏன் என்பதற்கு அன்று விடை இல்லை. பெரிய கட்டி என்றால் கையையோ காலையோ துண்டிப்பதும் நடந்தது.

விடைக்கான துப்பு 1998இல் கனடாவின் வான்கூவரிலிருந்து வந்தது. ஸ்டீவன் நெசெவிச், பால் சோரன்சன் குழுவினர் 12ஆம், 15ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டிருப்பதைக் கண்டார்கள். இடம் மாறிய துண்டுகள் சாயமேற்றும்போது ஏறத்தாழ ஒரே மாதிரிப் பட்டைகளைக் காட்டுவதால் அதுவரை கண்ணுக்குத் தப்பியிருந்தன. இந்த மாற்றத்தால் இடிவி6, என்டிஆர்கே3 என்ற இரு மரபணுக்கள் ஒட்டிக்கொள்கின்றன. என்டிஆர்கே3 உருவாக்கும் புரதம் நரம்பு வளர்ச்சிக்கு உதவுவது. வெளியிலிருந்து சமிக்ஞை வந்தால்தான் வேலை செய்யும். இடிவி6 ஒட்டியதும் புரதங்கள் தாமாகவே இணைசேர்ந்து, செல்லைப் பெருகச் சொல்லி ஓயாமல் தூண்டுகின்றன. பிறவிச் சிறுநீரகக் கட்டி ஒன்றிலும் அதே இணைவு அகப்பட்டது. உறுப்பை வைத்துப் பெயரிட்டதால் பிரிந்து கிடந்த உறவு அப்போதுதான் தெரிந்தது.

பலன் மருந்தாக வர இருபது ஆண்டுகள் ஆயின. என்டிஆர்கே மரபணுக்கள் உருவாக்கும் டிஆர்கே புரதங்களை முடக்கும் லாரோட்ரெக்டினிப் மருந்தால், கீமோதெரபிக்கு மசியாத கட்டி ஒரு குழந்தைக்குச் சுருங்கியதாக 2016இல் செய்தி வெளியானது. என்டிஆர்கே இணைவு கொண்ட பலவகைக் கட்டிகளுக்கு நடந்து 2018இல் வெளியான சோதனையில் 4 மாதக் குழந்தை முதல் 76 வயதினர் வரை 55 பேர் இடம்பெற்றனர். 75 விழுக்காட்டினருக்குப் பலன் கிடைத்தது. அவ்வாண்டு நவம்பர் 26 அன்று, கட்டி எந்த உறுப்பில் இருந்தாலும் என்டிஆர்கே இணைவு இருந்தால் கொடுக்கலாம் என அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதித்தது. வாய்வழி திரவமாகவும் கிடைப்பதால் கைக்குழந்தைக்கும் புகட்டலாம்.

சில கட்டிகள் புதிய மரபணுப் பிறழ்வால் மருந்தை எதிர்க்கின்றன. வேறு சிலவற்றில் என்டிஆர்கே3 இணைவே இருக்காது. பிராஃப், மெட் போன்ற மரபணுக்கள் அந்த இடத்தில் இருக்கும். எனவே ஓர் இணைவை மட்டும் தேடும் சோதனை இல்லையென்று சொன்னால் ஆய்வை அங்கேயே நிறுத்துவது சரியல்ல. ஆர்என்ஏ வரிசையறிதல் வரை போக வேண்டும்.